விமான நிலையம் யாரை வரவேற்கிறது: போகிறவரையா, வருகிறவரையா?

மார்த்தாண்டம் மலர்

விளவங்கோடு, கல்குளம் பக்கம் யார் வெளிநாடு போனாலும் வந்தாலும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டன. விமானம் ஏறும் வாசல் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. பாலராமபுரம் நெரிசல் ஒத்துழைத்தால் மதுரையைவிட இது எவ்வளவோ பக்கம்.

கேட்க வந்தது வேறு. வாட்ஸ்அப்பைத் திறந்தால் புது டெர்மினல் படங்களாக வருகின்றன. பெங்களூரில் 2022-ல் திறந்த இரண்டாவது டெர்மினலின் மூங்கில் கூரை, தொங்கும் செடிகள். சென்னையில் 2023-ல் திறந்த டெர்மினலின் கோல வேலைப்பாடு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் முக்கால்வாசி புறப்பாட்டுப் பக்கம் எடுத்தவை. வந்து இறங்குகிறவர் என்ன பார்க்கிறார்? விமானத்தையும் கட்டடத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜைத் தாண்டினால் நீளமான நடை, தலைக்கு மேல் தாழ்ந்த சீலிங், பக்கத்தில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கிளம்பப் போகிறவர்கள் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ், தானாகத் திறக்கும் கதவு, கம்பித் தடுப்பு. அந்தக் கம்பிக்குப் பின்னால் நாங்கள்.

வரவேற்பு என்று ஒன்று இருந்தால் அந்த நடையிலும் இந்தக் கம்பியிலும்தானே இருக்க வேண்டும்? அங்கே ஏன் யாரும் காசு செலவழிப்பதில்லை? கட்டடம் தெரிந்தவர்கள், ஏர்போர்ட்டில் வேலை பார்த்தவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெளியே காத்திருக்கிறவர்கள் விமான நிலையத்தின் கணக்கில் வருகிறோமா, இல்லையா?

களியக்காவிளை வண்டி

வரவில்லை. இழை முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

சும்மா சொன்னேன் அக்கா. இப்போது சவாரி இருக்கிறது, ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

தக்கலை கட்டடக்காரன்

மலர் அக்கா சொல்வது சரி. ஆனால் காரணம் வெறும் அலட்சியம் இல்லை.

பெரிய டெர்மினல்களில் பெரும்பாலும் புறப்பாடு மேல்தளத்தில், வருகை கீழ்த்தளத்தில். மேல்தளத்துக்குக் கூரைதான் எல்லை, எவ்வளவு உயரமும் தூக்கலாம். கீழ்த்தளத்தின் தலைமேல் மேல்தளத்துக் கான்கிரீட் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே ஏசி குழாய், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், மின்கம்பிகள் ஓடும் தட்டுகள், சில இடங்களில் பெட்டி போகும் பெல்ட்டும். எல்லாவற்றையும் மறைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்தபின் மிஞ்சும் உயரம்தான் வந்து இறங்குகிறவருக்கு.

அப்புறம் வருமானம். விமானக் கம்பெனி கட்டும் கட்டணத்தை மட்டும் நம்பி எந்த ஏர்போர்ட்டும் இல்லை. கடை வாடகை, விளம்பரம், பார்க்கிங் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு நேராகிறது. செக்யூரிட்டி தாண்டிய ஆளுக்குக் கையில் நேரம் இருக்கிறது, வேறு போக்கிடமும் இல்லை, செலவு செய்வார். வருகிறவருக்கு வெளியே ஓடும் அவசரம். டியூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டிலோடு சரி. உட்காரும் கூட்டத்துக்கு நாற்காலி போடுவார்கள், ஓடும் கூட்டத்துக்கு எதற்கு?

ஆனால் தாழ்ந்த சீலிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. எங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் கட்டடம், இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ராஜாவைப் பார்க்க வருகிறவர் முதலில் கால் வைப்பது பூமுகம் என்ற முன்மண்டபத்தில். திருவிதாங்கூரின் தலைவாசல் என்று சொல்லிக்கொள்ளும் பிரம்மாண்டம் எதுவும் அங்கே கிடையாது. தணிந்த மரக்கூரை, அதில் 90 விதப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு குதிரை விளக்கு தொங்குகிறது. வெயிலில் நடந்து வந்த ஆள் நிழலுக்குள் வருகிறார், கண் பழகக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, பின்னால் வருகிறவன் முதுகில் இடிப்பதில்லை. தலைநகரம் 1795-ல் திருவனந்தபுரம் போய்விட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் உள்ளே வருகிறவர் நடை தானாகத் தளர்வதை நின்று பார்க்கலாம். உயரம் குறைவாக இருப்பது அங்கே இதமாக இருக்கிறது.

ஏர்போர்ட் நடையில் அதே உயரம் மூச்சு முட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் நீளம். எங்கே முடியும் என்று தெரியாத நீளம். வளைவுக்கு அப்புறம் இன்னொரு வளைவு, வெளிச்சம் முழுக்க ஒரே வெள்ளை டியூப், வெளியே பகலா இரவா என்று தெரியாது. நடையின் கடைசியில் ஒரு ஜன்னல் வைத்து ஒரு தென்னையைக் காட்டினால்கூடப் போதும். திருவனந்தபுரம் மாதிரி ஊரில் தென்னைக்கா பஞ்சம்?

கொச்சி ஏர்போர்ட்டில் கேரள பாணிச் சரிவுக் கூரையைப் பின்பற்றினார்கள். கூரையைப் பின்பற்றியவர்கள் பூமுகத்தையும் பின்பற்றியிருக்கலாம் என்பது என் கட்சி.

செங்கோட்டைக்காரி

கட்டடக்காரரே, "வருகைப் பக்கம் யாரும் செலவழிப்பதில்லை" என்று நீங்கள் இரண்டு பேரும் அடித்துப் பேசுகிறீர்கள். டெல்லி மூன்றாவது டெர்மினலை (2010) மறந்துவிட்டீர்களா? அந்தப் பெரிய கை முத்திரைகள் இருப்பது வருகைப் பக்க இமிக்ரேஷன் கவுன்டர்களுக்கு மேலேதான். டெல்லி என்றாலே எல்லோரும் போடும் படம் அதுதான். மும்பை இரண்டாவது டெர்மினலிலும் கலைப்பொருள் சுவர் வருகை நடையோடு நீள்கிறது.

தக்கலை கட்டடக்காரன்

ஒப்புக்கொள்கிறேன், டெல்லி நல்ல உதாரணம். அது வேலை செய்வதற்குக் காரணம், வரிசையில் நிற்கிறவர் வேறு வழியில்லாமல் பார்க்கும் சுவரில் அதை வைத்தார்கள். நிற்கும் இடம் தெரிந்து வைத்த அலங்காரம். மும்பையில் ஆயிரக்கணக்கான கலைப்பொருட்கள் உண்டு, எல்லாம் நல்ல சரக்கு. ஆனால் டிராலியோ பையோ இழுத்துக்கொண்டு வேகமாக நடக்கிறவனுக்கு அது ஓடும் ரயிலில் இருந்து பார்க்கிற கோபுரம்.

நடையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் ஏர்போர்ட் கதையை எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். பெட்டி வரத் தாமதமாகிறது என்று ஓயாத புகார். ஆள் கூட்டினார்கள், காத்திருப்பு 8 நிமிடத்துக்கு இறங்கியது. புகார் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, விமானம் வந்து நிற்கும் கேட்டைப் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்தார்கள், பெட்டியையும் கடைக்கோடிப் பெல்ட்டுக்கு மாற்றினார்கள். நடக்கும் தூரம் ஆறு மடங்கானது. நடந்து வந்து சேர்வதற்குள் பெட்டி வந்துவிட்டது, புகாரும் நின்றது. சும்மா நிற்கும் நிமிடம் நடக்கும் நிமிடத்தைவிட நீளமாகத் தெரியும் என்பதுதான் அதில் உள்ள சூத்திரம்.

செங்கோட்டைக்காரி

இந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு மடங்கு நடக்க வைத்ததும் புகார் நின்றதாம். என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அம்மா புகார் எழுதுகிற ஆளும் இல்லை. எழுதாதவர்கள் கணக்கில் வராமல் போனதைப் "புகார் நின்றது" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

போன தடவை ஒரு ஏர்போர்ட்டில் (பெயர் வேண்டாம்) அம்மா அந்த நடையில் ஒவ்வொரு விளம்பரப் பலகைக்கும் நின்று படிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டே வந்தார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லக் கூச்சம். உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. கடைசியில் ஒரு தூணின் அடிப்பாகம் கொஞ்சம் அகலமாக இருந்தது, அதில் சாய்ந்துகொண்டார். கட்டடம் வரைந்தவர் அந்தத் தூணை உட்காருவதற்கென்று வரையவில்லை. அங்கே ஒரு ஆளுக்கு இடுப்பு சாய்க்க இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என் வருத்தம். மூங்கில் கூரையெல்லாம் அப்புறம்.

தக்கலை கட்டடக்காரன்

நியாயம். அந்தக் கதையைப் பாராட்டிச் சொல்லவில்லை அம்மா, நடப்பைச் சொன்னேன். வரைபடத்தில் பெஞ்ச் போட்டால் தீயணைப்பு விதி, வெளியேறும் வழியின் அகலம் என்று கேள்வி வரும். சுவரில் குழி விட்டு உள்ளடங்கிய இருக்கை வைத்தால் எந்த விதியும் இடிக்காது. செய்கிறவர்கள் குறைவு.

ஜித்தாவாசி

வணக்கம். ஊர் கருங்கல் பக்கம், வேலை ஜித்தாவில். இழையை வேலை நேரத்தில் ஒளித்து ஒளித்துப் படித்தேன்.

காத்திருக்கிறவருக்காகவே கட்டிய ஒரு ஏர்போர்ட் எங்கள் ஊரில் இருக்கிறது, ஹஜ் டெர்மினல். 1981-ல் திறந்தது. சுவர் கிடையாது. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியில் 210 கூடாரங்கள், எஃகுத் தூண்களில் தொங்குகின்றன. என்ஜினியர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் படித்து வளர்ந்தவர், சிகாகோவின் பெரிய கோபுரங்களைக் கட்டிய அதே ஆள். அவர் வேலை பார்த்த எஸ்ஓஎம் என்ற கட்டட வடிவமைப்புக் கம்பெனிதான் மும்பை, பெங்களூரு இரண்டாவது டெர்மினல்களையும் வரைந்தது. ஹஜ் டெர்மினலுக்கு 1983-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

ஹஜ் நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனையோ நாட்டுக் கூட்டம் வந்து இறங்கும். பஸ், காகிதம், குழுத் தலைவர் என்று மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பலர் வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறியவர்கள். நாற்காலி வரிசையில் அவர்களை அடக்க முடியாது என்று முதலிலேயே தெரிந்து, பாய் விரித்து உட்கார, படுக்க, சாப்பிட, தொழ இடம் விட்டார்கள். சூடான காற்று கூடார உச்சியில் உள்ள திறப்பு வழியாக மேலே போய்விடும். அவ்வளவு பெரிய இடத்துக்கும் ஏசி போடாமல் நிழலையும் காற்றையும் வைத்தே சமாளித்தார்கள். ஏழைக் கிழவர் ஒருவர் அங்கே வந்தால் எங்கே உட்காருவது என்று தயங்க மாட்டார். தரையில் உட்காரலாம் என்று கட்டடமே சொல்கிறது.

இதே வளைகுடாவில் இன்னொரு பக்கமும் உண்டு. துபாய் ஏர்போர்ட்டில் 2017 மார்ச்சிலிருந்து தட்டையான பக்கம் இல்லாத மூட்டையை வாங்க மாட்டார்கள். உருண்டையாக இருந்தால் பெல்ட்டில் சிக்கிக்கொள்கிறதாம். காரணம் சரிதான், தப்பில்லை. ஆனால் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய மூட்டை யாருடையது? சூட்கேஸ் உள்ளவனுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது. நம் ஆட்கள் கவுன்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவிழ்த்து அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். இயந்திரத்துக்கு ஏற்ற மாதிரி ஆள் மாற வேண்டும் என்பதையும் வடிவமைப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

மூணாறு எஸ்டேட்

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. சித்தி மகனை வழியனுப்பக் கொச்சி போனேன். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டிக்கெட் கேட்டார். அவன் உள்ளே போனான், நாங்கள் கண்ணாடி வழியாகக் கையாட்டினோம், அவன் தெரிந்தானா, எங்கள் பிம்பம்தான் தெரிந்ததா என்று புரியவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி வரைக்கும் போய் ஜன்னலோரம் நின்று பேசுகிறோம் அல்லவா? இங்கே ஏன் விடுவதில்லை?

கொழிஞ்சாம்பாறை

மூணாறு நண்பருக்கும் மலர் அக்காவின் கடைசிக் கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாலக்காட்டுத் தமிழன், கொச்சி ஏர்போர்ட்டில் கிரவுண்ட் ஹேண்ட்லிங்கில் (விமானத்துக்குத் தரையில் செய்யும் வேலைகள்) இருந்தவன். இப்போது விட்டுவிட்டேன், அதனால் தைரியமாக எழுதலாம்.

முன்பெல்லாம் காவல் மாநிலப் போலீஸ் கையில் இருந்தது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் காத்மாண்டுவிலிருந்து கடத்திக் காந்தஹாருக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா, அதற்குப் பிறகு 2000-லிருந்து சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற் பாதுகாப்புப் படை) ஒவ்வொரு ஏர்போர்ட்டாக எடுத்துக்கொண்டது. டிக்கெட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் டெர்மினலுக்குள் போக முடியாது. சில இடங்களில் பார்வையாளர் சீட்டு விற்பார்கள். அதையும் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினால் நிறுத்திவிடுவார்கள். ஆக, உலகத்தில் பல ஊர்களில் கட்டடத்துக்கு உள்ளே நடக்கிற கட்டிப்பிடிப்பும் அழுகையும் நம் நாட்டில் வெளியே ரோட்டோரம் நடக்கிறது. கட்டடம் வரைகிறவருக்குக் கொடுக்கும் பயணிக் கணக்கில் அந்தக் கூட்டம் இல்லை. கேரளத்திலும் குமரியிலும் ஒரு ஆளைக் கூப்பிட ஒரு ஜீப் நிறைய வருவார்கள். கணக்கு போடுகிறவர் ஒரு பயணிக்கு ஒரு கார் என்று போடுகிறார்.

கட்டடக்காரர் கொச்சியை ஒரு இடி இடித்ததற்குப் பதில். அந்த ஏர்போர்ட் 1999-ல் வந்ததே வெளிநாட்டு மலையாளிகள் போட்ட காசால். 30 நாடுகளிலிருந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கு வாங்கினார்கள். இறங்கி வருகிற ஆளே வாசலுக்குப் பங்குதாரர். உலகத்தில் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடிய முதல் ஏர்போர்ட் என்று 2015-ல் பெயர் வாங்கியது, அதையே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் 2024-ல் திறந்த 0484 லவுஞ்ச் அதைவிடப் பெரிய விஷயம். (எர்ணாகுளத்து எஸ்டிடி எண், அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.) செக்யூரிட்டிக்கு வெளியே இருக்கிறது. மணிக்கணக்கில் அறை எடுக்கலாம், பயணம் இல்லாதவரும் போய் உட்காரலாம். கூப்பிட வந்தவருக்கும் ஒரு கூரை வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

களியக்காவிளை வண்டி

காசு கொடுத்தால் கூரை. சரி, அதுவாவது இருக்கட்டும்.

சவாரி முடிந்து வந்துவிட்டேன். நான் பார்க்கிறது கட்டடத்துக்கு வெளிப்பக்கம் மட்டும். அதைச் சொல்கிறேன். எந்த ஏர்போர்ட் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டும்.

கம்பித் தடுப்பின் மேல்கம்பியில் கதவுக்கு நேர் எதிரே உள்ள துண்டு மட்டும் பளபளவென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் பெயின்ட் அப்படியே. முழங்கை வைத்து வைத்துத் தேய்ந்தது. எல்லோருக்கும் கதவு திறக்கும்போது உள்ளே ஒரு பார்வை வேண்டும், பெல்ட்டுப் பக்கம் நிற்கிறவர் தலை தெரிகிறதா என்று. அந்தக் கதவை ஒரு அடி தள்ளி, நேராகப் பார்க்கும்படி வைத்திருந்தால் இத்தனை நெரிசல் இல்லை. அல்லது ஒரு டிவி வைத்து உள்ளே பெல்ட்டைக் காட்டட்டுமே. விமானம் இறங்கியதா, பெட்டி வந்ததா என்று தெரிந்தால் பாதிப் பேர் போய் டீ குடிப்பார்கள்.

அடுத்தது அந்த வாய்க்கால் மூடி. கதவிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு வரும் வழியில் மழைத்தண்ணீர் வாய்க்கால், அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்தின் இடைவெளி டிராலியின் முன்சக்கரத்துக்கு அளவெடுத்து அடித்த மாதிரி. வருகிறவர் கம்பிக்குப் பின்னால் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகத் தள்ளிக்கொண்டு வருவார், சக்கரம் மாட்டும், மேல் பெட்டி சரியும். மார்க்கரில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய அட்டைப்பெட்டி. நான் எத்தனை பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன் தெரியுமா? ஒரு சட்டத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. வெல்டிங் காரனைக் கூப்பிட்டால் ஒரு மதியம் வேலை.

நிறுத்தும் நேரம் வேறு. சில நிமிடம் தாண்டினால் பார்க்கிங் காசு. ஆகவே நாங்கள் வெளியே ரோட்டில் எங்காவது ஒதுங்கி, போன் வந்ததும் பறந்து வருகிறோம். வந்து நிறுத்தியதும் விசில். பத்து வருஷம் கழித்து வந்த ஆள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் விசில். அந்த விசில்தான் ஐயா அவருக்கு ஊர் கொடுக்கும் முதல் வார்த்தை.

மார்த்தாண்டம் மலர்

அண்ணே, இதைத்தான் கேட்டேன். அந்த மேல்கம்பி உண்மை, நானும் அதே இடத்தில்தான் நிற்பேன்.

சிராங்கூன் ரிட்டர்ன்

எல்லோரும் சொன்னது சரி. நான் சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டைச் சொல்லாவிட்டால் பெயருக்கு மரியாதை இல்லை.

மூன்றாவது டெர்மினலில் (2008) ஐந்து மாடி உயரத்துக்குச் செடிச் சுவர் இருக்கிறது, கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். அது பெட்டி எடுக்கும் கூடத்திலிருந்தும் தெரியும். வருகிறவருக்கும் பங்கு உண்டு. டெர்மினல்களில் பல இடங்களில் தரைக்குக் கம்பளம், டிராலியும் செருப்பும் சத்தம் போடாது. சத்தம் குறைந்தாலே பாதிப் பதற்றம் குறைகிறது. வழியனுப்ப வருகிறவர் டிக்கெட் இல்லாமல் செக்-இன் கூடம் வரைக்கும் தாராளமாகப் போகலாம். 2019-ல் திறந்த ஜுவல் இன்னும் ஒரு படி மேலே, 40 மீட்டர் உயரத்திலிருந்து உள்ளேயே அருவி விழுகிறது, ஊர்க்காரர்களே ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து உட்காருகிறார்கள். பயணி இல்லாதவனையும் உள்ளே விடுகிற ஏர்போர்ட் என்று அதைச் சொல்லலாம்.

ஜித்தாவாசி

எல்லாம் சரி தம்பி. வேலைக்கு முதல்முறை வந்து இறங்குகிற பையன், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஏஜென்ட் ஆள் வரும்வரை ஒரு மூலையில் நிற்கிறானே, அவன் அருவியைப் பார்த்தானா? அருவி இருக்கும் வழி அவன் போகும் வழி இல்லை. எந்த ஏர்போர்ட்டையும் அளக்க அந்தப் பையனோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பேன்.

சிராங்கூன் ரிட்டர்ன்

அந்தப் பையனாகத்தான் நானும் போனேன். அருவி அப்போது இல்லை. கம்பளமும் சுத்தமான கழிவறையும் இருந்தது, குடிதண்ணீர் இலவசமாகக் கிடைத்தது. காசு மாற்றத் தெரியாமல் நின்றவனுக்கு அது பெரிய உபகாரம். அருவிதான் வரவேற்பு என்று நானும் சொல்லவில்லை. இறங்கிய பத்து நிமிடத்தில் கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க முடிந்ததா, அதுதான் என் அளவுகோல்.

செங்கோட்டைக்காரி

கழிவறையைச் சொன்னதற்கு நன்றி. பெண்கள் பக்கம் வரிசையைப் பார்த்தாலே வரைந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் ஒதுக்கிவிட்டு "சமம்" என்பார்கள். குழந்தையோடும் புடவையோடும் பெட்டியோடும் உள்ளே நுழைய அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அறிவிப்பு விஷயமும் இருக்கிறது. 2018 டிசம்பரில் விமான நிலைய ஆணையம் ஒரு உத்தரவு போட்டது, முதலில் உள்ளூர் மொழி, அப்புறம் இந்தி, ஆங்கிலம் என்று. திருவனந்தபுரத்தில் உள்ளூர் மொழி மலையாளம், அது முறைதான். ஆனால் அங்கே நிற்கிற கூட்டத்தில் குமரி, நெல்லை, தென்காசிக்காரர்கள் எத்தனை பேர்! நாலாவதாகத் தமிழிலும் ஒரு வரி சொன்னால் என்ன?

களியக்காவிளை வண்டி

நமக்கு மலையாளம் புரியுமே அக்கா. எனக்குப் புரியாதது அந்த மைக்தான். எந்த மொழியில் சொன்னாலும் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரிதான் கேட்கிறது.

செங்கோட்டைக்காரி

உங்களுக்குப் புரியும், எல்லையில் இருக்கிறீர்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரும் பெரியம்மாவுக்கு? எங்கள் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்தான், எனக்கே பாதிதான் புரிகிறது.

நெறியாளர்

மொழிச் சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது. ஏர்போர்ட் டீ விலையைப் பற்றி வந்த எட்டு பதிவுகளை நீக்கிவிட்டேன். 10 ரூபாய் டீ கிடைக்கும் உடான் யாத்ரி கஃபே 2025-ல் சென்னைக்கு வந்துவிட்டது, அது எல்லா ஊருக்கும் வரட்டும் என்று எல்லோர் சார்பிலும் நானே எழுதிவிடுகிறேன்.

தக்கலை கட்டடக்காரன்

திருவனந்தபுரத்தைப் பற்றி ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. அந்த ஓடுபாதை வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனித் திருவிழாவுக்கும் ஐப்பசித் திருவிழாவுக்கும், சில மணி நேரம் மூடப்படும். பத்மநாபசுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. 1932-ல் விமானத் தளம் வருவதற்கு முன்பே அதுதான் சாமி போகும் வழி. தளம் வந்த பிறகு வழியை மாற்றவில்லை. விமானங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். வடிவமைப்பில் இப்படியும் ஒரு மரியாதை சாத்தியம்: ஏற்கெனவே அங்கே நடக்கிறவர் யார் என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ப வளைந்து கொடுப்பது. சாமிக்கு வளைந்தவர்களால் கம்பிக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு ஒரு கூரை போட முடியாதா என்ன?

கொழிஞ்சாம்பாறை

சாமி ஊர்வலம் நாள் குறித்து வருகிறது. உங்கள் கூட்டம் ராத்திரி இரண்டு மணிக்கும் வருகிறது. வித்தியாசம் உண்டு சார். கம்பிப் பக்கம் பெஞ்ச் போட்டால் கூட்டம் கலையாது, கலையாவிட்டால் காவலுக்குச் சிரமம், இதுதான் உள்ளே சொல்லும் காரணம். நானே அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காரணத்தை முழுக்க ஒதுக்கவும் முடியாது.

களியக்காவிளை வண்டி

பெஞ்ச் இல்லாவிட்டால் கூட்டம் கலைகிறதா? டிவைடர் கல்லில் உட்காருகிறது. அதற்குக் காவல் சுலபமா?

கொழிஞ்சாம்பாறை

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்த்தாண்டம் மலர்

நடுவில் ஒரு சொந்த உதவி. அடுத்த மாதம் அப்பா மஸ்கட்டில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுத் தனியாக வருகிறார். படி ஏறுவார், ஆனால் தூரம் நடக்க முடியாது. செங்கோட்டை அக்கா சொன்னதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. வீல்சேர் எப்படிக் கேட்பது?

கொழிஞ்சாம்பாறை

டிக்கெட் போட்ட விமானக் கம்பெனியிடம் கேளுங்கள், ஏர்போர்ட்டிடம் இல்லை. குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிடுங்கள். மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்துக் குறியீடு. படி ஏறுவார், தூரம் மட்டும் நடக்க மாட்டார் என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏற மாட்டார் என்றால் கடைசி எழுத்து எஸ். சீட் வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் சி. உங்கள் அப்பாவுக்கு ஆர் போதும் என்று தோன்றும். ஆனால் விமானம் ஏரோபிரிட்ஜில் நிற்காமல் தள்ளி நின்றால் செங்குத்தான படியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். அதற்கு முடியுமா என்று அப்பாவிடமே கேட்டு, சந்தேகமாக இருந்தால் எஸ் என்று பதியுங்கள். அப்போது ஆளோடு சேர்த்து இறக்கும் ஆம்புலிஃப்ட் வண்டி வரும். வீல்சேர் தள்ளுகிறவர் இமிக்ரேஷன், பெல்ட் எல்லாம் கூடவே வந்து வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவிடுவார். அப்பா போனில் ரோமிங் இருக்கட்டும்.

களியக்காவிளை வண்டி

வெளிநாட்டு விமானம் சாக்கைப் பக்க இரண்டாவது டெர்மினலுக்கு வரும். சங்குமுகம் பக்கம் இருப்பது முதல் டெர்மினல். ஒரே ஓடுபாதைக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. தவறிப் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், கூட்டிப்போக வருகிறவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான். உங்கள் வண்டி யார் ஓட்டினாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா வீல்சேரில் வந்தால் அந்த வாய்க்கால் சட்டத்தில் முன்சக்கரத்தை நேராக விடாமல் சாய்வாகத் தள்ளச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மலர்

எஸ் என்றே பதியச் சொல்லிவிட்டேன். வண்டிக்கு உங்களுக்கே போன் பண்ணுகிறேன் அண்ணே, நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.